1911-ல் வென்றது வெறுங்கால் மட்டும்தானா?

கால்பந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. பூட்ஸ் போட்டு ஆடிய வெள்ளைக்காரப் பட்டாளத்தை, வெறுங்காலோடு ஆடிய வங்காளிப் பையன்கள் தோற்கடித்தார்கள் என்பதுதான் அது. கதை உண்மையே. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி சனிக்கிழமை மாலை, கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் என்ற அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. அந்த ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி அதுதான்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு நாள் அதிசயமாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால் பயணிகள் டிரைவரைப் பாராட்டுவார்கள். இரவெல்லாம் லாந்தரோடு பாதையை நடந்து பார்த்த கேங்மேனை யாரும் நினைப்பதில்லை. 1911 வெற்றிக்குப் பின்னாலும் அப்படி நடந்து பார்த்தவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை நம் சங்க மலரில் எழுதக் காரணமும் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு நான் சின்னக்கானலில் குடியிருக்கிறேன். இன்று சின்னக்கானல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2023-ல் வனத்துறை பிடித்துக்கொண்டு போன அரிக்கொம்பன் யானைதான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது, லயங்களுக்குப் பக்கத்தில் கிடைத்த சமதளத்தில் மாலைதோறும் பந்து உதைக்கும் நம் பிள்ளைகள். போடி, தேனி, மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கொழுந்தெடுக்கவும் ஏலக்காட்டு வேலைக்கும் வந்த குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை அவர்கள். பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "சார், இந்தப் பந்து சோறு போடுமா? படிப்பு கெட்டுப்போகாதா?" நியாயமான கேள்வி. 1911-ல் ஆடியவர்களின் கதையில் இதற்கு ஓரளவு பதில் இருக்கிறது.

கல்லூரிகளில் வளர்ந்த ஆட்டம்

இன்றைய கால்பந்தின் விதிகள் பெருமளவுக்குக் கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்தவை என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனி விதிப்படி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளியில் பந்தைக் கையால் எடுக்கலாம், இன்னொன்றில் கூடாது. வெவ்வேறு பள்ளிகளில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சேர்ந்த மாணவர்கள், ஒன்றாக ஆட முடியாமல் தவித்து, 1848-ல் உட்கார்ந்து பேசிப் பொது விதிகளை எழுதினார்கள். 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றியபோது அந்த விதிகளும் அதற்கு வழிகாட்டின.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் 1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நடந்தது. ஒரு பக்கத்துக்கு 25 பேர்! ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 8-0 என்று பழி தீர்த்துக்கொண்டது. மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை. அந்த ஆண்டின் சீசன் முழுவதும் அந்த இரண்டே ஆட்டங்கள்தான்.

நம் நாட்டிலும் வழி ஏறக்குறைய அதுதான். பட்டாளத்தாரும் வியாபாரக் கம்பெனிக்காரர்களும் பந்தைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதை நம்மவர்களிடம் சேர்த்தவை பள்ளிகளும் கல்லூரிகளுமே. 1877-ல் கல்கத்தா ஹேர் பள்ளி மாணவனாக இருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், மைதானத்தில் சோல்ஜர்கள் ஆடிய பந்து தன் பக்கம் உருண்டு வந்தபோது அதைத் திருப்பி உதைத்தான் என்றும், பிறகு பள்ளித் தோழர்களைக் கூட்டிப் பணம் சேர்த்துப் பந்து வாங்கினான் என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக். கேரளத்திலும் 1890-ஆம் ஆண்டு வாக்கில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஒருவர்தான் இளைஞர்களை இந்த ஆட்டத்துக்கு இழுத்தார் என்று கேரளக் கால்பந்து வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவர்.

சர்வாதிகாரியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அவர் தொடங்கிய கிளப் ஒன்றில் குயவர் குலத்தில் பிறந்த மணி தாஸ் என்ற இளைஞரைச் சேர்க்க மேல்சாதி உறுப்பினர்கள் மறுத்தார்கள். சர்வாதிகாரி என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிளப்பையே கலைத்துவிட்டு, சோபாபஜார் என்ற வேறொரு கிளப்பை எல்லோருக்குமாகத் தொடங்கினார். அந்த சோபாபஜார் அணிதான் 1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டை வென்று, ஆங்கிலேய அணியை இந்தியர்களும் வெல்லலாம் என்று முதலில் காட்டியது. அடுத்த ஆண்டு, 1893-ல், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு தொடங்கப்பட்டது.

இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு

மோகன் பகான் கிளப் தொடங்கியது 1889 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. வட கல்கத்தாவில் 'மோகன் பகான் வில்லா' என்ற மாளிகையின் தோட்டத்தில் ஆடியதால் அந்தப் பெயர். முதல் ஆட்டமே மாணவர்களோடுதான். பிரெசிடென்சி கல்லூரியைச் சேர்ந்த ஈடன் இந்து ஹாஸ்டல் மாணவர்கள் எதிரே ஆடினார்கள். அதில் மோகன் பகான் தோற்றது.

முதல் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கிய பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ, கிளப்பின் ஆங்கிலப் பெயரில் இருந்த 'ஸ்போர்ட்டிங்' என்ற சொல்லைக் கவனித்தார். "நீங்கள் மீன் பிடிப்பதும் இல்லை, வேட்டையாடுவதும் இல்லை, பிறகு எதற்கு இந்தச் சொல்?" என்ற கருத்தில் பேசி, 'அத்லெட்டிக்' என்று மாற்றச் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது. உறுப்பினர்களுக்குக் கட்டுப்பாடு கடுமை. புகைபிடிப்பது கூடவே கூடாது. படிப்பையும் நடத்தையையும் பார்த்தே மாணவர்களைச் சேர்த்தார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பெரிய வெற்றியும் இல்லை. நிலைமை மாறியது, பட்டாளத்தில் சுபேதார் மேஜராக இருந்த சைலேந்திரநாத் பாசு செயலாளராக வந்தபிறகுதான். ஆட்டத்திறமை இருந்தாலும் உடம்பு தாங்க வேண்டுமே! அவர் ஆட்டக்காரர்களுக்குப் பட்டாள முறையில் ஓட்டமும் உடற்பயிற்சியும் கொடுத்தார். 1904-ல் கூச்பிகார் கோப்பை கிடைத்தது. 1905-ல் கிளாட்ஸ்டன் கோப்பைப் போட்டியில், அந்த ஆண்டு ஷீல்டை வென்றிருந்த டல்ஹௌசி அணியையே 6-1 என்று தோற்கடித்தார்கள். 1906, 1907, 1908 என மூன்று ஆண்டும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை. அதன் பிறகே ஷீல்டில் ஆட இடம் கிடைத்தது. 1909-ல் கார்டன் ஹைலேண்டர்ஸ் பட்டாளத்திடம் தோற்றார்கள். 1910-லும் வெகுதூரம் போகவில்லை. 1911 மூன்றாவது முயற்சி.

இதையும் கவனிக்க வேண்டும். 1898-ல் தொடங்கிய கல்கத்தா லீக்கில் 1914 வரை இந்திய அணிகளுக்கு இடமே கிடையாது. ஆண்டு முழுவதும் பெரிய அணிகளோடு ஆடிப் பழகும் வாய்ப்பு இல்லாமல், ஷீல்டு போன்ற சில போட்டிகளில் மட்டுமே மோத வேண்டிய நிலை. நம் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒரு முறை டவுனுக்கு இறங்கி, தினமும் பயிற்சி பெறும் அணிகளோடு ஆட வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பதினொருவர் யார்?

கோல் கீப்பர் ஹிராலால் முகர்ஜி. பேக் இருவர்: பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி. ஹாஃப் பேக் மூவர்: மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. முன்னணியில் ஐவர்: கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, கேப்டன் சிப்தாஸ் பாதுரி.

இவர்களில் ஒருவருக்கும் ஆட்டம் பிழைப்பு அல்ல. சுதீர் சட்டர்ஜி கல்லூரிப் பேராசிரியர். கிறிஸ்தவரான அவர் பிற்காலத்தில் பாதிரியார் ஆனார். அணியில் பூட்ஸ் அணிந்து ஆடியவர் அவர் ஒருவரே. சிப்தாஸ் கால்நடை மருத்துவத் துறையில் இருந்தவர். அபிலாஷ் கோஷும் ராஜேன் சென்குப்தாவும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்தவர்கள். மற்றவர்கள் சாதாரண உத்தியோகங்களில் இருந்தவர்கள். மாலையில் ஆடிவிட்டு மறுநாள் காலை வகுப்புக்கும் ஆபீஸுக்கும் போனவர்கள். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பவர்கள் இந்தப் பட்டியலை ஒரு முறை படிக்கலாம்.

இதைவிட நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பதினொருவரில் பெரும்பகுதியினர் கல்கத்தாக்காரர்கள் அல்லர். பரீத்பூர், மைமன்சிங் போன்ற கிழக்கு வங்க மாவட்டங்களிலிருந்து படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் வந்த குடும்பத்தினர். அவர்களுடைய பேச்சு வழக்கைக் கேட்டுக் கல்கத்தாக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். பூதி சுகுலின் குடும்பமோ உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தது. வந்தேறிகள் என்று பார்க்கப்பட்டவர்கள்தான் அந்த ஊரின் மானத்தைக் காத்தார்கள் என்றால் மிகையாகாது. ஜூலை 29-க்குப் பிறகு அவர்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைய விதிகள்

இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் 1911 ஆட்டம் புரியாது. ஆகவே சில வேறுபாடுகளைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று எல்லா அணிகளும் பின்னால் 2, நடுவில் 3, முன்னால் 5 என்றே நின்றன. கோல் கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும் என்ற விதி 1912-ல்தான் வந்தது. ஆஃப்சைடு விதியும் கடுமை. பந்தை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அது இருவராகக் குறைந்தது 1925-ல். எனவே முன்னே நிற்பவருக்குத் தூக்கி அடித்துக் கோல் போடுவது சுலபமல்ல. ஓரமாக ஓடி, நெருக்கமாகப் பாஸ் கொடுத்து முன்னேற வேண்டும். அடிபட்டு ஒருவர் வெளியேறினால் மாற்று ஆள் கிடையாது. சட்டையில் எண்ணும் கிடையாது.

எண் இல்லாதது சில சமயம் உதவியும் செய்தது. பாதுரி சகோதரர்கள் இருவரும் உருவத்தில் ஒத்தவர்கள். சிப்தாஸை இரண்டு பேர் விடாமல் மறித்தபோது, அண்ணனும் தம்பியும் இடம் மாறி நின்று எதிரணியைக் குழப்பினார்கள் என்பது கல்கத்தாவில் இன்றும் சொல்லப்படும் கதை.

வெறுங்காலும் ஈர மண்ணும்

இப்போது என் தொழிலோடு தொடர்புள்ள பகுதிக்கு வருகிறேன். வெறுங்கால் ஒரு பலமா, பலவீனமா? தரை உலர்ந்திருந்தால் பலம், நனைந்திருந்தால் பலவீனம் என்பதே சரியான பதில்.

அக்காலப் பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் வரும் தடித்த தோல். அடியில் தோல் கட்டைகளை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். உலர்ந்த தரையில் அந்தப் பாரத்தோடு ஓடுபவரைவிட வெறுங்காலுடன் ஓடுபவர் சட்டென்று திரும்புவார், சட்டென்று நிற்பார். பந்து பாதத்தில் படும் இடமும் நன்றாகத் தெரியும். மோகன் பகானின் வேகமும் குறுகிய பாஸும் இங்கிருந்து வந்தவை.

மழை பெய்தால் கணக்கே மாறிவிடும். ரயில் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது உராய்வினால்தான். தூறல் விழுந்து தண்டவாளத்தின் மேல் மெல்லிய ஈரப்படலம் உண்டானால் அந்தப் பிடிப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். ஏற்றத்தில் இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் இன்ஜினில் மணல் பெட்டி வைத்து, வழுக்கும்போது சக்கரத்தின் அடியில் மணல் தூவுகிறார்கள். வெறுங்காலுக்கும் ஈர மண்ணுக்கும் இடையில் நடப்பதும் இதேதான். பூட்ஸின் அடியிலுள்ள கட்டையோ படலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிக் கெட்டி மண்ணைப் பற்றும்.

பந்தையும் பார்க்க வேண்டும். விதிப்படி அன்று பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம். ஆனால் அது உலர்ந்த பந்தின் எடை. உள்ளே ரப்பர் பிளாடர், மேலே தோல், வாயில் கயிற்று முடிச்சு. தோல் தண்ணீரைக் குடிக்கும். ஆட்டம் போகப் போகப் பந்து கனத்துக்கொண்டே வரும். கனத்த பந்தை வெறும் புறங்காலால் உதைப்பது எப்படி இருக்கும் என்பதை, மழைக்காலத்தில் சின்னக்கானலில் ஆடிய எந்தப் பையனும் சொல்வான்.

ஐ.எஃப்.ஏ. ஷீல்டு நடப்பதோ ஜூலையில், கல்கத்தாவின் மழைக்காலத்தில். ஆகவே மோகன் பகான் ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணியோடும் வானத்தோடும் சேர்ந்தே போராட வேண்டியிருந்தது.

ஜூலை 10 முதல் 29 வரை

ஷீல்டு ஒரு தோல்வியோடு வெளியேறும் போட்டி. முதல் சுற்று ஜூலை 10-ல், கல்லூரி அணி ஒன்றோடுதான்: செயின்ட் சேவியர் கல்லூரி. மோகன் பகான் 3-0 என்று எளிதாக வென்றது. ஜூலை 14-ல் ரேஞ்சர்ஸ் கிளப்பை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சிப்தாஸ் போட்டவை.

மூன்றாவது ஆட்டத்திலிருந்து எதிரே பட்டாள அணிகள். ஜூலை 19-ல் ரைஃபிள் பிரிகேட். ஒரே ஒரு கோல், பிஜய்தாஸ் போட்டது. மற்ற நேரமெல்லாம் ஹிராலால் கோலைக் காத்து நின்றார். இந்த வெற்றிக்குப் பிறகுதான் ஊர் முழுவதும் மோகன் பகானைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

அரையிறுதி ஜூலை 24-ல், மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு. அவர்களுடைய கோல் கீப்பர் பிகட் பெயர் பெற்றவர். முதலில் மிடில்செக்ஸ் கோல் போட்டது. கானு ராய் சமன் செய்தார். 1-1. மறு ஆட்டத்தில் மோகன் பகான் 3-0 என்று வென்றது. ஹாபுல் சர்க்கார், கானு ராய், சிப்தாஸ் ஆளுக்கொரு கோல்.

இறுதி ஆட்டம் ஜூலை 29, மாலை ஐந்தரை மணி. இடம் கல்கத்தா எஃப்.சி. மைதானம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர். முதல் கோல் அவர்களுடையது. அவர்களுடைய கேப்டன் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் அடித்தது. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பும் அந்த ஒரு உதையில் போய்விடுமோ என்று கூட்டம் ஓய்ந்துபோனது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது சிப்தாஸ் சமன் செய்தார். அதோடு நிற்கவில்லை. மறுபடியும் பந்தை எடுத்துக்கொண்டு போய், நடுவில் நின்ற அபிலாஷ் கோஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் அதை வலைக்குள் அனுப்பினார். 2-1. சிறிது நேரத்தில் நடுவர் விசில் ஊதினார்.

கடைசி நிமிடங்களில் ஓட முடிந்தது எதனால்? அங்கேதான் சுபேதார் மேஜர் கொடுத்த ஓட்டப் பயிற்சி வேலை செய்தது என்று நான் கருதுகிறேன்.

ரயிலும் ஸ்டீமரும் பட்டமும்

அன்று மைதானத்தில் 60,000 முதல் 80,000 பேர் வரை கூடினார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. இத்தனை பேர் வந்ததில் ரயில்வேக்கும் பங்கு உண்டு. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே இந்த ஆட்டத்துக்காகத் தனி ரயில் விட்டது. ஹூக்ளி ஆற்றில் கூடுதல் ஸ்டீமர்கள் ஓடின.

தனி ரயில் விடுவது லேசான காரியமல்ல என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின், பெட்டிகள், கார்டு எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஹௌராவில் இறங்கியவர்கள் ஆற்றைக் கடந்தது இன்றைய பெரிய பாலத்தில் அல்ல. அது 1943-ல்தான் வந்தது. 1874-ல் போட்ட மிதவைப் பாலத்தில்தான் அவர்கள் நடந்தார்கள்.

மைதானத்தின் மூன்று பக்கமும் மனிதத் தலைகள். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரங்களில் ஏறினார்கள். மேலும் பின்னால் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைத் தெரிவிக்க, அதைப் பட்டத்தில் எழுதி வானில் பறக்கவிட்டார்கள். 1-0 என்று பட்டம் ஏறியபோது எத்தனை முகங்கள் வாடியிருக்கும், 2-1 என்று ஏறியபோது எத்தனை முகங்கள் மலர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1905-ல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட வேதனையும் சுதேசிக் கிளர்ச்சியும் மனத்தில் இருந்த மக்கள் அவர்கள். அவர்களுக்கு அது ஒரு கோப்பை மட்டுமல்ல.

வெற்றிக்குப் பின்

வெறுங்காலே வெற்றிக்குக் காரணம் என்றால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஷீல்டு நம்மவர்களுக்கே கிடைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அடுத்து ஓர் இந்திய அணி ஷீல்டை வெல்ல 25 ஆண்டுகள் ஆயின. 1936-ல் அதைச் செய்தது முகமதன் ஸ்போர்ட்டிங். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைச் சேர்த்த அந்த அணி, மழை நாட்களில் லேசான பூட்ஸ் போட்டு ஆடியது. மணல் பெட்டியின் தத்துவத்தை அவர்கள் புரிந்துகொண்டார்கள். மோகன் பகானுக்கு ஷீல்டு மறுபடியும் கிடைத்தது, நாடு விடுதலை பெற்ற 1947-ல்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்திய அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரான்சை எதிர்த்து ஆடியது. மைசூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. கடைசி நேரத்தில் பிரான்ஸ் 2-1 என்று வென்றது. உலகம் நம்மைப் பாராட்டியது. ஆனால் 1952-ல் ஹெல்சின்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பூட்ஸ் போட்டு ஆடிய அணி நான்காம் இடம் பெற்றது. அந்த அணியின் கோல் கீப்பர்களில் ஒருவர் பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலத்தில் பிறந்து, பிழைப்புக்குப் போன குடும்பங்களோடு பம்பாயில் வளர்ந்த எஸ்.எஸ். நாராயண் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் மலைக்கு என்ன?

வெறுங்கால் ஆட்டம் வறுமையில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்த முறை. அதைப் பெருமையாகப் பேசி, இன்றும் பிள்ளைகளை அட்டை கடிக்கும் ஈரத்தில் வெறுங்காலோடு விடுவது சரியல்ல. 1911-லிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: இருபது ஆண்டு பொறுமை, கட்டுப்பாடு, சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர், சாதி பார்க்காத ஓர் அணி.

இவை நம் மலைக்குப் புதியவையும் அல்ல. மூணாறு எஸ்டேட்டுகளுக்கிடையே 1940-களில் தொடங்கிய பின்லே ஷீல்டுப் போட்டியைப் பார்க்கப் பெரியவர்கள் வேலை முடிந்து மைல் கணக்கில் நடந்து போவார்கள். தமிழ் பேசுபவர், மலையாளம் பேசுபவர் என்ற பேதம் அங்கே எஸ்டேட் பெயருக்கு முன் நிற்காது.

பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு என் பதில் இது. எல்லோருக்கும் போடாது. ஆனால் விளையாட்டுப் பிரிவு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலைக்கு வந்தவர்கள் பலரோடு நான் பணியாற்றியிருக்கிறேன். ரயில்வே அணி 1960-களில் மூன்று முறை சந்தோஷ் டிராபியை வென்றது. காவல் துறை, வங்கி, அரசு நிறுவனங்களிலும் இந்த வழி உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இது திறந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றது. வேலை கிடைக்காதவர்களுக்கும், வெளியூரில் நான்கு பேரோடு சேர்ந்து நிற்கும் தைரியம் கிடைக்கும். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அது சின்ன லாபமல்ல.

நம் சங்கம் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்துகிறது. அவற்றோடு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனக் கால்பந்துப் போட்டியும் வைக்கலாம். பெட்டியும் கேடயமும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் இரண்டு நல்ல பந்தும், பிள்ளைகளின் கால் அளவுக்கு ஏற்ற இருபது ஜோடி பூட்ஸும் போதும். பயிற்சி நேரம் மாலை ஐந்து முதல் ஆறு வரை, அதற்குப் பிறகு படிப்பு என்று பெற்றோர் முன்னிலையில் எழுதி ஒட்டிவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் விசிலோடு நிற்க நான் தயார். மீதி நாட்களுக்கு முன்வரும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.